தரைக்கடி வெப்பம்: அணைத்து அணைத்துப் போட்டால் மிச்சமாகுமா?

கேள்வி: குளிர் நாட்டில் புதிதாகக் குடிவந்த வீட்டில், சுவரோரம் நின்று அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர் கிடையாது. தரைக்கு அடியில் வெந்நீர்க் குழாய்கள் ஓடுகின்றன. காலையில் வேலைக்குப் போகும்போது அணைத்துவிட்டு, மாலை வந்ததும் அறைச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 25 டிகிரியில் வைக்கிறேன். வீடு சூடேறவே இரவு பத்து மணி ஆகிறது. அப்புறம் தூங்க முடியாத புழுக்கம். தரையைத் தொட்டால் சூடும் பெரிதாக இல்லை. செலவும் குறையவில்லை. ஏதாவது பழுதா?

பதில்: பழுது இருப்பதாகத் தெரியவில்லை. ரேடியேட்டரை ஓட்டும் பழக்கத்தில் தரையையும் ஓட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

உங்கள் குழாய்கள் பெரும்பாலும் ஏழு சென்டிமீட்டர் அளவு சிமென்ட் பூச்சுக்குள் புதைந்திருக்கும். ஒரு சதுர மீட்டருக்கே அது சுமார் 140 கிலோ எடை. அத்தனை எடையை ஐந்து டிகிரி ஏற்ற ஏறக்குறைய 200 வாட்-மணி வேண்டும். குழாய் தரும் வேகத்தில் மூன்று, நான்கு மணி நேரம் அதற்கே போய்விடும். 25-இல் வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பது பலருக்கும் உள்ள நம்பிக்கை. குழாயில் வரும் நீரின் சூடு அதனால் கூடாது. எப்போது நிறுத்த வேண்டும் என்பது மட்டும் தள்ளிப்போகும். காற்று 25-ஐத் தொடும்போது தரைக்குள் தேவைக்கு மேல் வெப்பம் சேர்ந்திருக்கும். உங்கள் ராத்திரிப் புழுக்கம் அதுதான்.

தரை தொட்டால் சுடாமல் இருப்பது நல்ல அறிகுறி. அறையைவிடத் தரை ஒரு டிகிரி கூடுதலாக இருந்தால் சதுர மீட்டருக்குச் சுமார் 11 வாட் வெப்பம் கிடைக்கும். அறை 20, தரை 25 என்றால் 55 வாட். சுவர்களும் கூரையும் குளிர் தாங்கும்படி கட்டிய வீட்டுக்கு அது தாராளம். புழங்கும் அறைகளில் தரை 29 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பதே ஐரோப்பியத் தர விதி. மரத் தரைக்குப் பொதுவாக 27-தான் உச்சம்.

சரி, என்ன செய்யலாம்? தெர்மோஸ்டாட்டை 20 அல்லது 21-இல் வைத்துவிட்டு அதன் பக்கமே போகாதீர்கள். இரவிலோ வேலை நேரத்திலோ குறைப்பதானால் இரண்டு டிகிரிக்கு மேல் வேண்டாம். நேரம் அமைக்கும் வசதி இருந்தால், வீடு சூடாக வேண்டிய நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே தொடங்கட்டும். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே நிற்கட்டும். பல நாள் வெளியூர் போனால் 15 வரை இறக்கலாம், ஆனால் திரும்புவதற்கு முந்தைய நாளே ஏற்ற வேண்டும்.

உண்மையான மிச்சம் நீரின் சூட்டில்தான் இருக்கிறது. ரேடியேட்டருக்கு 60, 70 டிகிரி நீர் தேவைப்படலாம். தரைக்கு 35 முதல் 45 போதும். பலர் வீட்டில் நிறுவியவர் வைத்த அளவே வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கட்டுப்பாட்டுப் பெட்டியில் அதை இரண்டு டிகிரி குறைத்து, மூன்று நாள் பொறுத்துப் பாருங்கள். எல்லா அறையும் சூடாகவே இருந்தால் இன்னும் இரண்டு குறையுங்கள். ஏதாவது ஓர் அறை குளிரத் தொடங்கினால் ஒரு படி மேலே வந்து நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் என்றால் ஒவ்வொரு டிகிரி குறைப்புக்கும் சுமார் இரண்டு, மூன்று சதவீதம் மின்சாரம் மிச்சம். எரிபொருளால் நீரைச் சூடாக்கும் கண்டென்சிங் வகை பாய்லரும் திரும்பிவரும் நீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் புகையோடு போகும் வெப்பத்தை மீட்கும். வெளியே உள்ள குளிருக்கு ஏற்ப நீரின் சூட்டைத் தானே மாற்றும் வசதி பெட்டியில் இருந்தால், அதை அவசியம் இயக்கிவிடுங்கள்.

கனமான கம்பளம், தரையில் கிடக்கும் மெத்தை, கால் இல்லாத அலமாரி இவையெல்லாம் வெப்பத்தை அடைத்துவிடும். கால் உள்ள நாற்காலி, கட்டிலால் தொல்லை இல்லை. புழங்காத அறைகளை முழுதாக அடைக்காமல் 17, 18-இல் விடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்து அறையின் சூட்டை அவை சுவர் வழியே இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதெல்லாம் வெந்நீர்க் குழாய்க்கு. டைலுக்கு அடியில் மெல்லிய மின்கம்பி போட்டிருப்பவர்களுக்குக் கணக்கே வேறு: அது அரை மணியில் சூடாகிவிடும், அதனால் தேவைப்படும்போது மட்டும் போட்டு அணைப்பதே சிக்கனம்.

நீரின் சூட்டை மாற்றி ஒரு வாரம் ஆன பிறகும், மற்ற அறைகள் சரியாக இருந்து ஒன்று மட்டும் குளிர்ந்தே கிடந்தால் ஆளைக் கூப்பிடுங்கள். அந்த அறைக்கான வால்வு இறுகியிருக்கலாம், குழாயில் காற்று அடைத்திருக்கலாம், அல்லது அதற்குப் போகும் நீரின் அளவைச் சரிசெய்ய வேண்டியிருக்கலாம்.