ரீயூனியன் தீவின் மலோயா இசையை எந்த ஆல்பத்தில் தொடங்குவது?

கேள்வி: மலோயா என்ற இசையைப் பற்றி இப்போதுதான் கேள்விப்பட்டேன். நம்மவர்கள் தொடர்பு உள்ள ஆல்பமாக ஒன்று சொல்ல முடியுமா? சிதார், தபலா கலந்திருந்தால் இன்னும் நல்லது.

பதில்:

கிரான்மூன் லேலேயின் 'நாமுனிமான்'. 1993-இல் வந்தது. அதை முதலில் கேளுங்கள். நீங்கள் கேட்ட சிதாரும் தபலாவும் அதில் கிடைக்காது. கிட்டத்தட்ட எல்லாமே தோலும் குரலும்தான். இருந்தாலும் ஒரு தமிழ்க் காது மலோயாவுக்குள் நுழைய அதைவிடச் சரியான வாசல் எனக்குத் தெரியவில்லை.

நான் காரைக்கால்காரன். பல வருடமாக இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான இந்த ரீயூனியனில், சாந்த் ஆந்த்ரேயில் இருக்கிறேன். தீவின் கிழக்குப் பக்கம், கரும்பும் கோயிலும் நிறைந்த ஊர். 1848 டிசம்பர் 20-இல் இங்கே அடிமை முறை ஒழிந்தது. அதன் பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் பெருங்கூட்டமாக வந்தவர்கள் நம் கரையோரத்து ஆட்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளை இங்கே 'மல்பார்' என்கிறார்கள். வீட்டில் கிரியோல் (பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவின் பேச்சுமொழி), கோயிலில் தமிழ்ப் பாட்டு. மலோயா அவர்களுடையது அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வளர்த்தது. ஆனால் ஒரே தோட்டத்தில் ஒரே வரிசைக் குடியிருப்பில் வாழ்ந்தவர்களுக்குள் தாளம் வேலி தாண்டாமல் இருக்குமா?

லேலேயின் இயற்பெயர் ஜூலியன் ஃபிலேயாஸ். 1930-இல் பிறந்தவர், 2004-இல் காலமானார். மூதாதையரில் மடகாஸ்கர்க்காரரும் உண்டு, தமிழரும் உண்டு. சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தவர். முன்னோருக்குப் படையல் போட்டு விடியவிடியப் பாடும் 'செர்விஸ் கபாரே' சடங்குதான் அவருடைய பள்ளிக்கூடம். ஆல்பம் போட ஆரம்பித்தபோது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. குழுவில் பெரும்பாலும் சொந்தக் குடும்பத்தினர்தான். அது கேட்டவுடனே தெரியும். அவர் ஒரு வரி எறிய, பிள்ளைகள் அதைப் பிடித்துத் திருப்பி எறிகிறார்கள். ஸ்டுடியோவில் கூலிக்குப் பாடும் கோரஸில் அந்த உரிமை வராது.

கேட்கும்போது இரண்டு ஒலிகளைப் பிரித்துப் பாருங்கள். 'சர்ர்-சர்ர்' என்று மேலே ஓடிக்கொண்டே இருப்பது கயாம்ப். கரும்புப் பூவின் தண்டுகளை அடுக்கி, பாய் மாதிரி தட்டையாகக் கட்டி, உள்ளே விதை போட்டு மூடிய கருவி. எந்த விதை என்கிறீர்களா? கல்வாழை விதை, இல்லையென்றால் நம்ம குன்றிமணி. இரண்டு கையாலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுவார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் விதைகள் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடும் நேரம் இருக்கிறதே, அந்தச் சின்னத் தாமதம்தான் மலோயாவின் ஆட்டமே. அடியில் உறுமுவது ரூலேர். பழைய பீப்பாயில் மாட்டுத்தோல் கட்டி, அதன்மேலேயே கால் போட்டு உட்கார்ந்து வாசிப்பது. தாளம் ஏறக்குறைய மூன்று மூன்றாக விழும் நம் திஸ்ர நடையில் உருளும். தீமிதியன்று இங்குள்ள கோயில்களில் அடிக்கும் மேளத்தைக் கேட்டுவிட்டு அன்றே லேலேயைப் போட்டால், வித்தியாசமும் புரியும், உறவும் புரியும். கோயிலுக்கு வர முடியாத உங்களுக்கு நம் ஊர்ப் பறையே போதும்.

ஒரு வேண்டுகோள்: போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ரூலேர் செத்துவிடும். கயாம்ப் மட்டும் இரைந்துகொண்டிருக்கும், நீங்களும் தலைவலி என்று மூடிவிடுவீர்கள்.

'நாமுனிமான்' பிடித்தால் அடுத்து 1995-இல் வந்த 'சொலேயே'. 1998-இன் 'தான் கேர் லேலே' கொஞ்சம் பளபளப்பாக இருக்கும். எனக்கு முதல் ஆல்பத்தின் சொரசொரப்புதான் பிடிக்கும்.

இந்த இடத்தில் என் மச்சான் சண்டைக்கு வருவான். சாந்த் பியேரில் இருக்கிறான், வீட்டில் அலமாரி முழுக்க இசைத்தட்டு. "மாமா, யார் கேட்டாலும் லேலே லேலேங்கறீங்க. வாரோவை விட்டுட்டு மலோயாவா?" என்பான். அவன் பக்கமும் நியாயம் இருக்கிறது. தனியேல் வாரோதான் இன்று உலகம் அறிந்த மலோயா குரல். தீவின் மேட்டுநிலத்து வெள்ளைக்கார விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பிரெஞ்சு ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர். கயாம்பைத் தன் கையாலேயே செய்பவர். 2010-இல் உலக இசைச் சந்தையான உமெக்ஸின் விருது வாங்கினார். 1994-இன் 'பத்தார்சித்தே' ஆல்பத்தில் அதே பெயரில் உள்ள பாட்டு, கலப்பினத்தவன் என்பதை வசையாக எடுக்காமல் மார்தட்டிச் சொல்லும் பாட்டு. இந்தத் தீவில் பலருக்கு அது மனப்பாடம்.

ஆனாலும் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வாரோ முதலில் கவிஞர், அப்புறம்தான் பாடகர். கிரியோல் தெரியாமல் அவரைக் கேட்டால் பாதி கைநழுவிப் போகும். தாளமும் குரலும் உங்களைக் கட்டிப்போடும், சந்தேகமில்லை. ஆனால் அவர் எதற்குச் சிரிக்கிறார், எங்கே குத்துகிறார் என்பது தெரியாது. லேலேயிடம் அந்தச் சிக்கல் இல்லை. வார்த்தை புரியாதபோதும் முழுசாக வந்து சேர்கிறார். அதனால் வாரோவை இரண்டாவதாக வையுங்கள். 2010-இன் 'ஆவு அம்வேன்' இரட்டை ஆல்பம், நிதானமாகக் கேட்க அது நல்லது.

சரி, உங்கள் சிதாருக்கு வருகிறேன். அந்த வழியில் போனால் சிஸ்ககான் குழு. ஜில்பெர் பூனியா தலைமையில் 1979-இலிருந்து இயங்குகிறது. அவருடையது தமிழ் வம்சாவளி. கிரியோல் மொழியில் கவிதை எழுதுவதே ஒரு போராட்டமாக இருந்த காலத்தில் மேடை ஏறியவர்கள். அந்த மரியாதை என்றைக்கும் உண்டு. மலோயாவோடு சிதாரையும் தபலாவையும் சேர்த்தவர்கள். மென்மையான, அழகான இசை. ஞாயிற்றுக்கிழமை மதியம் காரி (இந்த ஊர்க் குழம்பு) சாப்பிட்டுவிட்டுக் கேட்க ஏற்றது.

என் குறை என்னவென்றால், இந்த இசையில் இந்தியா எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் எல்லாரும் உடனே சிதாரைக் காட்டுகிறார்கள். புதுச்சேரிப் பக்கமிருந்தும் காரைக்கால் பக்கமிருந்தும் கப்பலேறிய எந்தக் கூலியின் மூட்டையில் சிதார் இருந்திருக்கும்? அவர்கள் கொண்டுவந்தது தப்பும் உடுக்கையும் கூத்துப் பாட்டும். இரவு முழுக்க ஆடும் நாடகக் கூத்தை இங்கே இன்றும் 'பால் தமூல்' (பிரெஞ்சில் 'தமிழ் ஆட்டம்') என்று நடத்துகிறார்கள். நம்மவர்கள் தொடர்பைக் காதால் கேட்க வேண்டுமானால் தோல் கருவியில் தேடுங்கள். சிதார் பிற்காலத்தில் ஆசைப்பட்டுச் சேர்த்துக்கொண்ட இந்தியா. அதில் தப்பில்லை. ஆனால் அது வேறு கதை.

பூனியாவின் மகள் மாயா கமாத்தியும் பாடுகிறார். 2014-இன் 'சான்தியே பப்பாங்' மரமும் நரம்பும் ஒலிக்கும் அமைதியான ஆல்பம். 2019-இன் 'பண்டியே'யில் எலெக்ட்ரானிக் பக்கம் சாய்ந்துவிட்டார். என் வீட்டில் பிள்ளைகள் இரண்டாவதை ஓட விடுவார்கள், நான் முதலாவதை. கார் யார் கையில் இருக்கிறதோ அன்றைக்கு அவர் கட்சி.

அலேன் பீட்டர்ஸைச் சொல்லாமல் விட்டால் எனக்கே தூக்கம் வராது. அவர் பாடியதைச் சுத்த மலோயா என்று சிலர் ஒப்புக்கொள்வதில்லை. ராக் குழுக்களில் வாசித்துவிட்டு, பிறகு தகம்பா என்ற மேற்கு ஆப்பிரிக்க நரம்புக் கருவியைக் கையில் எடுத்தவர். குடி அவரைத் தின்றது. 1995-இல் நாற்பத்து மூன்று வயதில் போய்விட்டார். இருந்த காலத்தில் வெளிவந்தது சொற்பம். பதிவுகளைத் தொகுத்து 'பரபோலேர்' என்று 1998-இல் வெளியிட்டார்கள். தீவின் மிகச் சிறந்த பாட்டு எழுத்தாளர் அவர்தான் என்பது என் எண்ணம். மச்சானும் நானும் ஒத்துப்போகும் ஒரே இடம் இது. ஆனால் மனசு சரியில்லாத நாளில் இதைப் போடாதீர்கள்.

நடனத்துக்கு வேண்டுமா? பிரா பனோன் ஊர்ப் பக்கத்து லின்டிகோ குழுவின் 'மலோயா பவர்', 2012. அக்கார்டியன் சேர்த்திருக்கிறார்கள், முதல் பாட்டிலேயே எழுந்துவிடுவீர்கள். நேரில் பார்ப்பது ஆல்பத்தைவிடப் பத்து மடங்கு மேல். பழைய மின்கிதார், ஆர்கன் ஒலி பிடிக்கும் என்றால் ஸ்ட்ரட் நிறுவனம் 2017-இல் வெளியிட்ட 'ஓதே மலோயா' தொகுப்பு. 1975 முதல் 1986 வரையிலான பதிவுகள். மச்சானின் வேதப் புத்தகம் அது. எனக்குப் பாதி தங்கம், பாதி தாண்டிப் போகிற ரகம். கம்ப்யூட்டர் மலோயாவுக்கு ஜாகோ மாரோன், அவ்வளவுதான் சொல்வேன். என் காதுக்கு அது எட்டவில்லை.

மூத்த மலோயா பாடகர் ஃபிர்மேன் விரியை வரலாற்றுக்காகக் கேட்கலாம். 1976-இல் தீவின் கம்யூனிஸ்ட் கட்சி அவருடைய பாட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. ரேடியோ மலோயாவைத் திரும்பிப் பார்க்காத காலம் அது. 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தபின் இன்றைக்கு எல்லா அரசியல்வாதியும் மேடையில் கயாம்ப் ஆட்டுகிறார். முதல் ஆல்பமாக மட்டும் விரியை எடுக்காதீர்கள், பதிவின் தரம் உங்களைத் துரத்திவிடும்.

இன்னொன்று. இங்கே சுற்றுலாப் பயணிகளுக்கென்று விற்கும் 'தீவின் சிறந்த பாடல்கள்' வகைத் தொகுப்புகள் பக்கம் போக வேண்டாம். சேகா (தீவின் இன்னொரு நடன இசை), மலோயா, ஹோட்டல் லாபி இசை எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டிருப்பார்கள். அப்புறம், வரிசை மாற்றிக் கேட்கும் பட்டனை அணைத்துவிடுங்கள். லேலே மெல்லத் தொடங்கிச் சூடேற்றுபவர், நடுவில் நுழைந்தால் வெறும் சத்தமாகத்தான் இருக்கும்.

நான் இத்தனை சொல்லிவிட்டேன், பதிலுக்கு நீங்கள் ஒன்று சொல்லுங்கள். பறையும் உறுமியும் மட்டுமே வைத்து, சினிமா மெருகு இல்லாமல், ஒழுங்காகப் பதிவு செய்த ஆல்பம் அங்கே எது? கோயிலில் மேளம் அடிக்கும் மல்பார் பையன்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் அனுப்பும் சினிமாப் பாட்டெல்லாம் அவர்களுக்குப் போதவில்லை.