வந்த நாளும் போற நாளும் கணக்கில் கிடையாது

ராமநாதபுரத்தில் ரயில் டிக்கெட் போட்டுக் கொடுப்பதும், வருஷத்துக்கு நான்கைந்து முறை ஆட்களைச் சேர்த்துக்கொண்டு வடக்கே போய் வருவதும்தான் என் பிழைப்பு. முன்பெல்லாம் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்பார்கள். இப்போது அது போனிலேயே தெரிந்துவிடுகிறது. 'அங்கே எத்தனை நாள் இருக்கலாம்?' என்றுதான் கேட்கிறார்கள். அண்மையில் வந்தவற்றில் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில்.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு வாசகி: அண்ணே, வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். மீன்பிடித் தடைக்காலத்தில்தான் அவருக்கு ஓய்வு, பிள்ளைகளுக்கும் லீவு. மே மாதம் சென்னைக்குப் போகிறோம். ஆவடியில் சின்ன மாமியார் வீடு இருக்கிறது. ரெண்டே நாளில் எல்லாம் பார்த்துவிடலாம் என்கிறார் இவர். முடியுமா?

முடியாதும்மா. ராத்திரி ரயிலில் போய்க் காலையில் இறங்கும்போது பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் இருக்கும். ஆவடி போய்ச் சேர்ந்து, குளித்து, சின்ன மாமியார் சுடும் தோசையைச் சாப்பிட்டு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று பேசி முடிக்க மணி பன்னிரண்டு ஆகிவிடும். வெளியே கத்திரி வெயில். அதற்கப்புறம் யாரும் செருப்பை மாட்ட மாட்டார்கள். அந்த நாள் போயிற்று. திரும்புகிற நாள் மூட்டை கட்டவும் ரயிலைப் பிடிக்கவும் சரியாக இருக்கும். அதுவும் போயிற்று. அவர் சொன்ன ரெண்டு நாளும் முடிந்தது, நீங்கள் இன்னும் ஆவடியைத் தாண்டவில்லை. வந்த நாளும் போற நாளும் கணக்கில் கிடையாது. நடுவில் இருப்பதைத்தான் எண்ண வேண்டும்.

நடுவில் எத்தனை நாள் வேண்டும் என்பதற்கு இடங்களை எண்ணாதீர்கள், திசைகளை எண்ணுங்கள். பெரிய ஊரில் ஒரு பகலுக்கு ஒரு திசைதான். சென்னையில் தெற்கே மாமல்லபுரம் ஒரு நாள். எழும்பூர் மியூசியமும் அதைச் சுற்றியுள்ளதும் ஒரு நாள். கிண்டி சிறுவர் பூங்கா, கோட்டூர்புரம் கோளரங்கம் பக்கம் ஒரு நாள். வண்டலூர் மிருகக்காட்சி சாலையையும் மாமல்லபுரத்தையும் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று வேன்காரர் சொல்வார். நம்பாதீர்கள். வண்டலூரில் நடந்து முடிக்கவே ஒரு பகல் வேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கே விடுமுறை. மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை. ஆக நடுவில் மூன்று நாள், புலியையும் பார்க்க வேண்டுமென்றால் நான்கு.

மெரினாவுக்கு எப்படியும் அரை நாள் ஒதுக்கியிருப்பீர்கள். வேண்டாமே. ஒரு முறை பாம்பன் குடும்பம் ஒன்றோடு போயிருந்தேன். எட்டு வயசுப் பையன் மெரினா மணலில் இறங்கி, அலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இங்க என்ன மீன் படும்?" என்று கேட்டான். யாருக்கும் தெரியவில்லை. அத்தோடு அவனுக்கு மெரினா முடிந்தது. அதே பையன் மெட்ரோ ஸ்டேஷனில் நகரும் படிக்கட்டை விட்டு வரவே மாட்டேன் என்று மூன்று முறை ஏறி இறங்கினான். பிளாட்பாரத்தில் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்ததும் அம்மாவின் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கடலில் மிச்சமாகும் நேரத்தை மெட்ரோவுக்குக் கொடுங்கள்.

ஆவடி விஷயம்: தங்குவதற்குக் காசில்லை, சரி. ஆனால் புறநகர் ரயிலில் சென்ட்ரலுக்குப் போக வர தினம் இரண்டு மணி நேரமாவது போகும். நான்கு நாளில் எட்டு மணி நேரம், அதாவது முழுசாக ஒரு பகல். முதல் ராத்திரியும் கடைசி ராத்திரியும் சொந்தக்காரர் வீடு, நடுவில் எழும்பூர் பக்கம் லாட்ஜ் என்று பிரித்துக்கொள்ளுங்கள். மாமியாருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். நெத்திலிக் கருவாடு ஒரு கிலோ கொண்டுபோனால் வருத்தம் பாதியாகும். பஸ்ஸில் போவதானால் கோயம்பேடு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். 2023 டிசம்பர் கடைசியிலிருந்து தெற்கத்திப் பஸ்களுக்குக் கிளாம்பாக்கம்தான் நிலையம். அங்கிருந்து ஆவடி தனிப் பயணம்.

தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் என்றாலும், அவருக்கு அத்தனையும் ஓய்வில்லை என்று உங்களுக்கே தெரியும். இன்ஜின் வேலை, பெயிண்ட் வேலை என்று ஜூன் பிறந்ததுமே ஆள் தேடுவார்கள். மே மூன்றாம் வாரத்துக்குள் போய் வந்துவிடுங்கள். ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே முதல் வாரம் கிளம்ப மார்ச் முதல் வாரமே தயாராக இருக்க வேண்டும்.

கீழக்கரை: மகன் துபாயில் இருக்கிறான். என்னையும் அவன் உம்மாவையும் வரச் சொல்கிறான். 30 நாள் விசா எடுக்கவா, 60 நாளா என்று கேட்கிறான். எதைச் சொல்ல?

30 போதும் காக்கா. அதிலும் 22 நாள் அளவில் திரும்பிவிடுவது நல்லது. பார்க்க வேண்டியதைப் பார்க்க நான்கு நாள் போதும். 828 மீட்டர் புர்ஜ் கலீபாவைக் கீழே நின்று பார்த்தாலே கழுத்து வலிக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது, ஒரு திர்ஹம் கொடுத்து அப்ரா படகில் கிரீக் என்கிற கடல் கழியைக் கடப்பது. நீங்கள் போவது மகனோடு இருக்க. அவனோ காலையில் வேலைக்குப் போனால் ராத்திரிதான் வருவான். 2022-லிருந்து அங்கே பல இடங்களில் சனி, ஞாயிறுதான் விடுமுறை, வெள்ளி அரை நாள். ஆகவே மாதக் கணக்கை விடுங்கள், எத்தனை சனி ஞாயிறு கிடைக்கிறது என்று பாருங்கள். மூன்று கிடைத்தால் நிறைவு. நான்காவது வாரத்தில் உம்மாவுக்குக் கோழிக்கூட்டு ஞாபகமும் பக்கத்து வீட்டு லாத்தா ஞாபகமும் வந்துவிடும்.

நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். மருந்து கொண்டுபோனால் டாக்டர் சீட்டும் கூடவே வேண்டும். சில மாத்திரைகளுக்கு அங்கே முன் அனுமதி இல்லாமல் முடியாது. இன்னொன்று, உம்மா பெட்டியில் மசாலா எடுத்து வைப்பார்கள் இல்லையா, அதில் கசகசா இருக்கக் கூடாது. அந்த நாட்டில் அது தடை செய்யப்பட்ட பொருள். நம் குருமாவுக்கு அவர்கள் வைத்த பெயர் வேறு.

தேவிபட்டினம்: நாங்கள் எட்டுப் பேர், எல்லாரும் 60 தாண்டியவர்கள். ஜனவரியில் காசி முடித்து, அப்படியே டெல்லி, ஆக்ரா பார்த்து வர மூன்று நாள் வைத்திருக்கிறோம். சரியா?

காசி கணக்கை நான் தொட மாட்டேன். இங்கிருந்து கடல் மண் எடுத்துப் போய்ப் பிரயாகையில் கரைத்து, கங்கை ஜலம் கொண்டுவந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வது வரைக்கும் அது உங்கள் முறை, உங்கள் புரோகிதர் சொல்கிற நாள். ராமேஸ்வரம் - பனாரஸ் நேர் ரயில் வாரத்துக்கு ஒருமுறைதான் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். அந்த ஊர்களில் உங்கள் நாளைத் தீர்மானிப்பது பாதி ரயில்தான்.

டெல்லிக்கு மூன்று போதாது. அதைவிட முக்கியம், எந்தக் கிழமை போய் இறங்குகிறீர்கள் என்பது. என் வெட்கக்கேட்டைச் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் 31 பேரை ஆக்ராவுக்குக் கூட்டிப்போய், தாஜ்மகால் வாசலில் காலை ஏழு மணிக்கு நின்றேன். கதவு சாத்தியிருந்தது. வெள்ளிக்கிழமை. தொழுகைக்கு வருகிற உள்ளூர்க்காரர்களைத் தவிர மற்றவர்களுக்கு அன்று அனுமதி கிடையாது. ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம், எனக்குத் தெரியவில்லை. உச்சிப்புளி அம்மா ஒருவர் கைப்பையை மடியில் வைத்து நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு, "நம்மூர்ல பெட்டிக்கடைய அடைச்சாக்கூட மொத நாளே சொல்லிருவாய்ங்க தம்பி, நீ யார்ட்டயும் கேக்கலையா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு ஆட்டோக்களைப் பிடித்து யமுனைக்கு அக்கரையில் மேத்தாப் பாக் தோட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அங்கிருந்து தாஜ்மகாலின் பின்பக்கம் தெரியும். 31 பேரும் அந்தப் பின்பக்கத்தைத்தான் பார்த்துவிட்டு வந்தார்கள்.

டெல்லியில் திங்கட்கிழமை இதே கதை. செங்கோட்டை, அக்ஷர்தாம், தாமரைக் கோவில் மூன்றுக்கும் அன்று விடுமுறை. ஆகவே திங்களன்று டெல்லியில் இறங்கி ஓய்வெடுங்கள், எப்படியும் அது கணக்கில் வராத நாள். செவ்வாய் செங்கோட்டை, ஜும்மா மசூதி, ராஜ்காட். மெட்ரோவில் லால் கிலா என்றே ஸ்டேஷன் இருக்கிறது. புதன் இந்தியா கேட், குதுப் மினார். வியாழன் ஆக்ரா. வெள்ளி ஒன்றும் வைக்காதீர்கள். வயசானவர்கள் எட்டுப் பேர் இருந்தால் ஒருவருக்காவது முழங்கால் பிடிக்கும் அல்லது வயிறு சரியிருக்காது. அதற்காக அந்த நாள். யாருக்கும் ஒன்றுமில்லை என்றால் சால்வை வாங்கப் போங்கள்.

ஜனவரி என்பதைத்தான் மாற்றச் சொல்வேன். அந்த மாதப் பனிமூட்டத்தில் வட இந்திய ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும். நீங்கள் போட்ட கணக்கெல்லாம் ஏதோ ஒரு ஸ்டேஷனில் போர்வைக்குள் உட்கார்ந்திருக்கும்போது கரைந்துபோகும். பிப்ரவரி கடைசியோ மார்ச் தொடக்கமோ பாருங்கள்.

சாயல்குடி: மும்பையில் வெள்ளிக்கிழமை இன்டர்வியூ. முதல் தடவை போகிறேன். முடித்துவிட்டு ஊரைப் பார்க்க எத்தனை நாள் கூட இருக்கலாம்?

இரண்டு. சனி தெற்கு மும்பை, ஞாயிறு எலிபண்டா குகை. திங்களுக்குத் தள்ளிப்போடாதே தம்பி, அன்று குகைக்கு விடுமுறை. இன்டர்வியூ நடக்கும் இடம் எந்த லோக்கல் ரயில் பாதையில் இருக்கிறதோ, அதே பாதையில் அறை எடு. வியாழன் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிடு. காலை எட்டிலிருந்து பதினொன்று வரை லோக்கலில் ஏறப் பழக்கம் வேண்டும். இஸ்திரி போட்ட சட்டையோடு முதல் தடவை ஏறிப் பார்க்க இன்டர்வியூ நாள் ஏற்றதல்ல.

வாலிநோக்கம்: அப்பாவுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம் என்று சென்னைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு வாரம் அறை போட்டு, திரும்பும் டிக்கெட்டும் எடுத்துவிடலாமா?

திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். தேதி கையில் இருந்தால் அது உங்களை அவசரப்படுத்தும். 'டிக்கெட் இருக்கு டாக்டர்' என்று சொல்லி டிஸ்சார்ஜ் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அறையை மூன்று நாளுக்கு எடுத்து, நீட்டிக்கலாமா என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிறு மாலை போய்ச் சேருங்கள். திங்கள் பதிவு, பிறகு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை என்று புதன் ஆகும். வியாழன், வெள்ளியில் போய் இறங்கினால் ரிப்போர்ட்டுக்காகச் சனி ஞாயிறு சும்மா கிடக்க வேண்டும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும். பெரிய டாக்டர் எந்தெந்தக் கிழமை பார்க்கிறார் என்று கிளம்பும் முன் போனில் கேளுங்கள்.

ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில், அடுப்பு வைத்துக்கொள்ள விடும் அறையாகப் பாருங்கள். கஞ்சி வைக்க முடிகிற அறையில் பத்து நாள்கூடத் தெரியாது. திரும்பும்போது தட்கல் இருக்கிறது. கிளம்பும் நாளுக்கு முதல் நாள் காலை ஏ.சி. வகுப்புக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி. தையல் போட்ட உடம்பென்றால் கீழ் பெர்த் கிடைக்கும் வரை இன்னொரு நாள் பொறுங்கள்.

தொண்டி: கோலாலம்பூர், சிங்கப்பூர் இரண்டுக்கும் சேர்த்து ஒரு வாரம். எதில் அதிக நாள்?

கோலாலம்பூரில். மலேசியாவுக்கு 2023 டிசம்பரிலிருந்து நமக்கு 30 நாள் வரை விசா வேண்டாம், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூருக்கு விசா வேண்டும், அறை வாடகையும் கூடுதல். அங்கே ஊர் சிறிது, இரண்டு முழு நாளில் நிறையப் பார்க்கலாம். தெலுக் ஆயர் தெருவில் 1830 வாக்கில் நம் ஆட்கள் கட்டிய நாகூர் தர்கா இருக்கிறது, விட்டுவிடாதீர்கள். வாடகைக்குப் பயந்து மலேசிய எல்லை ஊரான ஜோகூர் பாருவில் தூங்கி, தினம் பாலம் கடந்து சிங்கப்பூர் பார்க்கலாம் என்று ஒரு யோசனை சொல்வார்கள். குடிநுழைவு வரிசையில் நின்று நின்றே உங்கள் இரண்டு நாளும் தீரும். பத்துமலையின் 272 படிகளைக் காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள்.

சென்னையிலிருந்து ஒருவர்: எங்கள் கேள்வி தலைகீழ். மதுரையில் தங்கிக்கொண்டு, ராமேஸ்வரத்தை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்கிறார்கள். போதுமா?

ஏழு கேள்வியாகிவிட்டது, பரவாயில்லை, இது எங்கள் ஊர். மதுரையிலிருந்து சுமார் 170 கிலோமீட்டர், போக மூன்று மணி நேரத்துக்கு மேல், வர அதே அளவு. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் போக்குவரத்து நின்றபோது வேறு வழியில்லை. 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறந்த பிறகு ரயில் மறுபடி தீவுக்குள் வருகிறது. அதில் ஏறி வந்து ஒரு ராத்திரியாவது தங்குங்கள். அதிகாலை ஐந்து மணி ஸ்படிகலிங்க தரிசனத்துக்கு மதுரையிலிருந்து வருபவர்கள் நள்ளிரவு ஒன்றரைக்கே கிளம்ப வேண்டும். பிறகு 22 தீர்த்தம். ஈரத்துணியோடு வாளி வாளியாக ஊற்றிக்கொண்டு வெளியே வரும்போது வேறு எதையும் பார்க்கத் தெம்பிருக்காது. ஆடி அமாவாசை, தை அமாவாசையை ஒட்டி வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது.

தனுஷ்கோடியை மறுநாளுக்கு வையுங்கள். மாலையில் போகலாம் என்று தள்ளினால், இருட்டும் முன்பே அரிச்சல்முனையில் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். மறுநாள் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடிந்த சர்ச் பக்கம் குடிசைக் கடைகளில் கண் முன்னே மீன் பொரித்துக் கொடுப்பார்கள். தீர்த்தமாடிய அன்று அதைத் தொட மாட்டார்கள் நம் ஜனங்கள். என்னிடம் இரண்டாம் ராத்திரிக்கு அறை கேட்பவர்களில் பாதிப் பேர் அந்த மீனுக்காகத்தான் தங்குகிறார்கள், வெளியே சூரிய உதயம் என்பார்கள்.