சிங்கப்பூரில் இருந்துகொண்டு ஆல்பைன் பனிச்சறுக்கு சீசனைத் தொடர்ந்து பார்க்க முடியுமா?

கேட்டவர், ஒலிம்பிக்கில் பனிச்சறுக்குப் பந்தயம் பார்த்துப் பிடித்துப்போனதாகவும், அதற்கென்று முழு சீசன் ஒன்று இருக்கிறதாமே, நமக்கெல்லாம் புரியுமா என்றும் எழுதியிருந்தார்.

தாராளமாகப் புரியும். கிரிக்கெட்டில் டக்வர்த் லூயிஸ் கணக்கையே சமாளித்தவர்கள் நாம்.

ஒலிம்பிக் நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான். வீரர்களின் அன்றாடப் பிழைப்பு உலகக் கோப்பைத் தொடரில் இருக்கிறது. 1967 ஜனவரியில் ஆரம்பித்த தொடர் இது. அக்டோபர் கடைசியில் ஆஸ்திரியாவின் ஸோல்டனில் தொடங்கி, மலை மலையாக நகர்ந்து மார்ச்சில் முடியும். நம் கணக்கில் தீபாவளியை ஒட்டி ஆரம்பம், பங்குனியில் முடிவு. பொங்கல் சமயத்தில் சுவிட்சர்லாந்தின் வெங்கன், அதை ஒட்டியே ஆஸ்திரியாவின் கிட்ஸ்பியூல்.

ஒவ்வொரு பந்தயத்திலும் முதலிடத்துக்கு 100 புள்ளி, இரண்டாவதற்கு 80, மூன்றாவதற்கு 60, அப்படியே இறங்கி முப்பதாவது ஆளுக்கு 1. விழுந்தால் பூஜ்யம். அதிவேகமாக இறங்கும் டவுன்ஹில், அதைவிட வளைவு கூடிய சூப்பர்-ஜி, இன்னும் வளைவான ஜயன்ட் ஸ்லாலம், நெருக்கமாக நட்ட கம்பங்களுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்கும் ஸ்லாலம் என்று நான்கு வகை, ஒவ்வொன்றிலும் சீசன் முழுக்க அதிகப் புள்ளி எடுப்பவருக்கு ஒரு சிறிய படிகக் கோளம் பரிசு. எல்லாவற்றையும் கூட்டினால் அதிகம் வைத்திருப்பவருக்குப் பெரிய கோளம். சுவிஸ் வீரர் மார்கோ ஓடர்மாட் ஸ்லாலம் பக்கமே போகாமல் 2022 முதல் 2025 வரை தொடர்ந்து நான்கு முறை பெரிய கோளத்தை வாங்கினார். 2022-23 சீசனில் அவர் சேர்த்தது 2042 புள்ளி. ஆஸ்திரிய வீரர் ஹெர்மன் மையர் 1999-2000 சீசனில் எடுத்த 2000தான் அதுவரை ஆண்களில் உச்சம்.

எதிலிருந்து ஆரம்பிப்பது? எல்லோரும் டவுன்ஹில் என்பார்கள். நான் வேண்டாம் என்பேன். வெங்கன் தடம் ஏறக்குறைய நாலரை கிலோமீட்டர், ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். நம் புக்கிட் தீமா குன்றை ஒன்றன் மேல் ஒன்றாக ஆறு அடுக்கினாலும் அந்த உயரம் வராது. 2013இல் பிரெஞ்சு வீரர் ஜோஹன் கிளாரே அங்கே மணிக்கு 161.9 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். பிரமிப்பாகத்தான் இருக்கும். ஆனால் ஒவ்வொருவராகத் தனியாக இறங்குவதால், அரை விநாடி வித்தியாசம் எங்கே வந்தது என்று புதிதாகப் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியாது. நாலைந்து பேருக்குப் பிறகு சலித்துவிடும்.

ஸ்லாலத்தின் இரண்டாவது சுற்றைப் பாருங்கள். இரண்டு சுற்று நேரத்தையும் கூட்டித்தான் வெற்றி. முதல் சுற்றில் முதல் முப்பது இடம் பிடித்தவர்களுக்கு மட்டுமே அந்தச் சுற்று, அதுவும் தலைகீழ் வரிசையில். முப்பதாவது ஆள் முதலில் இறங்குவார், முன்னணியில் இருப்பவர் கடைசியில். முன்னால் போனவர்களின் சறுக்குப் பலகை விளிம்புகள் கீறிக் கீறித் தடத்தில் பள்ளம் விழுந்திருக்கும், அதில்தான் முன்னணி வீரர் இறங்கியாக வேண்டும். திரையில் நேரம் பச்சையாக இருந்தால் முன்னிலை, சிவப்பானால் போச்சு. 2024 பிப்ரவரியில் பிரான்சின் ஷமோனியில் முதல் சுற்றில் முப்பதாவதாக வந்த சுவிஸ் வீரர் டேனியல் யூல், வெயிலில் தடம் இளகும் முன்பே இறங்கி, கீழே உட்கார்ந்து மற்ற இருபத்தொன்பது பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவராலும் அவரை முந்த முடியவில்லை. முப்பதாவது இடத்திலிருந்து ஒருவர் வென்றது உலகக் கோப்பையில் அதுவே முதல் முறை. என் அம்மா கூட இந்தச் சுற்றுக்கு மட்டும் சமையலறையிலிருந்து வந்து நிற்பார். "இந்தப் பிள்ளையாவது விழாமல் வருதா?" என்பதே அவருடைய ஒரே கேள்வி.

ஒரு சீசன் எப்படியெல்லாம் திரும்பும் என்பதற்கு 2024-25 பெண்கள் தொடர் நல்ல உதாரணம். ஸ்வீடன் வீரர் இங்கமார் ஸ்டென்மார்க்கின் 86 உலகக் கோப்பைப் பந்தய வெற்றி என்ற சாதனை 1989இல் இருந்து அசையாமல் நின்றது. அமெரிக்காவின் மிக்கேலா ஷிஃப்ரின் அதை 2023இல் தாண்டினார். 2024 நவம்பரில் 99ஆவது வெற்றி. அடுத்த வாரமே சொந்த நாட்டில், கில்லிங்டனில், முதல் சுற்றில் முன்னணியில் இருந்தவர் இரண்டாவது சுற்றில் விழுந்தார். வயிற்றில் ஆழமான குத்துக்காயம். இரண்டு மாதம் ஓய்வு. திரும்பி வந்து பிப்ரவரி 23 அன்று இத்தாலியின் செஸ்ட்ரியேரேயில் நூறாவது வெற்றி! ஆனால் பெரிய கோளம் அவருக்குக் கிடைக்கவில்லை, இத்தாலியின் 34 வயது ஃபெடரிக்கா பிரிஞோனேவுக்குப் போனது. இதற்காகவே சீசன் முழுக்கப் பார்க்கச் சொல்கிறேன்.

இன்னொன்று, ரத்தாகும் பந்தயங்களுக்குப் பழகிக்கொள்ளுங்கள். காற்று, மூடுபனி, போதாத பனி, ஏன், அதிகப் பனி பெய்தாலும் ரத்துதான். புதுப் பனி மென்மையாக இருக்கும், இவர்களுக்கு வேண்டியதோ கல்லாக இறுகிய தடம். அந்த சீசனின் கடைசி டவுன்ஹில்லே காற்றால் நின்றுபோய், பந்தயம் நடக்காமலே பிரிஞோனே அந்தக் கோளத்தையும் வாங்கினார்.

நேரம் நமக்குச் சாதகம். குளிர்காலத்தில் மத்திய ஐரோப்பாவைவிட நாம் ஏழு மணி நேரம் முன்னால் இருக்கிறோம். அங்கே காலை 10 மணி என்றால் இங்கே மாலை 5. இரண்டாவது சுற்று பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டு நேரத்தில் வரும். காப்பிக்கடைத் தொலைக்காட்சியில் இதை எதிர்பார்க்காதீர்கள், அங்கே எப்போதும் கால்பந்துதான். சர்வதேசப் பனிச்சறுக்குச் சம்மேளனத்தின் இணையதளத்தில் நேரக் கணக்கு இலவசமாக ஓடும். ஆஸ்திரியாவின் ஷ்லாட்மிங் இரவு ஸ்லாலம் மட்டும் நமக்கு நடுநிசிக்கு மேல்தான். மறுநாள் வேலை இருந்தால் சுருக்கத்தைக் காலையில் எம்ஆர்டியில் பார்த்துக்கொள்ளலாம், கைப்பேசி அறிவிப்புகளை முதல் நாளே அணைத்துவிடுங்கள்.