முகவுரையைக் காட்டி வழக்குப் போடலாமா?

ஓய்வுபெற்ற சட்டத்தரணி ஒருவரிடம் மட்டக்களப்பு, அம்பாறை வாசகர்கள் கேட்டவை.

கல்லடி: ஐயா, அரசியலமைப்பு முகவுரையிலேயே சுதந்திரம், சமத்துவம், நீதி எல்லாம் இருக்கே. அதை மட்டும் வைத்து வழக்காட ஏலாதா?

ஏலாது தம்பி. உயர் நீதிமன்றத்துக்குப் போகிற வழி 126ஆம் உறுப்புரை. மூன்றாம் அத்தியாயத்து அடிப்படை உரிமையோ நாலாம் அத்தியாயத்து மொழி உரிமையோ மீறப்பட்டிருக்க வேணும். மீறினது அரச நிருவாகமாகவும் இருக்க வேணும்.

காத்தான்குடி: அமெரிக்காவில் 1776 சுதந்திரப் பிரகடனத்தைக் காட்டித்தானே உரிமை கேட்கிறார்கள்?

மேடையில் கேட்பார்கள். நீதிபதிகளும் எடுத்துச் சொல்வார்கள். ஆனால் தீர்ப்பு நிற்பது அரசியலமைப்பிலும் அதன் திருத்தங்களிலும். எல்லா மனிதரும் சமம் என்று எழுதிய பிறகும் அடிமை முறை 1865 வரை கிடந்தது. அதை ஒழித்தது 13ஆம் திருத்தம். (நமக்கும் ஒரு 13 இருக்கு, 1987இல் வந்தது. தமிழை அரச கரும மொழியாக்கினது அதுதான்.)

அக்கரைப்பற்று: அரசு கொள்கை வகுக்க வழிகாட்டும் தத்துவங்களைச் சொல்கிற 27ஆம் உறுப்புரை உணவு, உடை, வீடு என்கிறதே?

இரண்டு உறுப்புரை தள்ளி 29ஐ வாசியுங்கள்: இதை எந்த நீதிமன்றத்திலும் வலியுறுத்த முடியாது என்று இருக்கும். கையில் கொடுத்துவிட்டுப் பறிக்கிற வேலை! ஆனாலும் வீண் இல்லை. 2000ஆம் ஆண்டு எப்பாவல பொசுபேற்று அகழ்வுத் திட்டத்தை எதிர்த்து ஊர்மக்கள் போட்ட வழக்கில், 12ஆம் உறுப்புரையின் சமத்துவ உரிமையை விளங்கிக்கொள்ள நீதிமன்றம் இந்தத் தத்துவங்களையும் துணைக்கு எடுத்தது. தனியே நிற்காது, துணைக்கு வரும்.

சாய்ந்தமருது: ஒரு திணைக்களம் உம்மாவுக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் அனுப்பியிருக்கு. என்ன செய்ய?

இது நல்ல கேள்வி மகள். கிழக்கில் நிருவாக மொழி தமிழ், 22ஆம் உறுப்புரை. முதலில் கடித உறையை எறியாதீர்கள். தபால் முத்திரையில் திகதி இருக்கும். 126இன் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு போட மீறல் நடந்து ஒரு மாதம்தான், அதுவும் கொழும்பில். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் கல்முனை அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி ஆணைக்குழுவின் விசாரணை நிலுவையில் இருக்கிற நாட்கள் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கம் மட்டும் போதாது, விசாரணை நடக்கிறதுக்கும் எழுத்தில் சான்று வாங்குங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் மூன்றாம் மாதத்தில்தான் வருவார்கள்.

களுவாஞ்சிகுடி: கடை முதலாளி சம்பளம் தரவில்லை. இதுவும் அடிப்படை உரிமை மீறலா?

இல்லை. தனியாள் 126க்குள் வரமாட்டார். தொழில் திணைக்களத்துக்குப் போங்கள்.