கேள்வி-பதில்: உங்களிடம் இருந்தது கேம்போய்தானா?

கேள்வி: 2003இல் நான் எட்டாம் ஆண்டு படிக்கும்போது மாமா கொழும்பில் இருந்து ஒரு கேம்போய் (கையில் வைத்து விளையாடும் கருவி) வாங்கி வந்தார். கட்டை அடுக்குவது, கார் ஓட்டுவது, தவளை ரோட்டைக் கடப்பது என்று நிறைய விளையாட்டு அதில் இருந்தது. இப்போது அதே மாதிரி ஒன்றை என் மகனுக்குக் காட்ட ஆசை. இணையத்தில் ஒருவர் சாம்பல் நிறக் கேம்போய்க்கு 38,000 ரூபா கேட்கிறார். கொடுக்கலாமா? (கொக்குவில் வாசகர்)

பதில்: கொடுக்கவேண்டாம். விலை கூட என்பதற்காக அல்ல. நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களிடம் இருந்தது கேம்போய் இல்லை.

ஒரு சின்னச் சோதனை. அணைத்து வைத்த திரையைச் சாய்த்துப் பார்த்தால் குட்டிக் குட்டிச் சதுரங்கள் மங்கலாகத் தெரிந்ததா? வலது பக்கம் ஒரு பெரிய வட்டப் பொத்தானும், அதற்கு மேலே அரிசி அளவில் மூன்று நான்கு பொத்தான்களும் இருந்தனவா? போட்டவுடன் சதுரங்கள் சுற்றிச் சுற்றி நிரம்பி, பிறகு கீச்சென்று ஒரு மெட்டு வந்ததா? அப்படியென்றால் அது பிரிக் கேம். சீனாவில் பல பெயர்களில் செய்து விற்றது. முகப்பில் "9999 விளையாட்டு" என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஏழெட்டு விளையாட்டுத்தான், மிச்சமெல்லாம் வேகத்தையும் மட்டத்தையும் மாற்றி எண்ணிய கணக்கு. கார், தவளை, யுத்த தாங்கி எல்லாம் அந்தச் சதுரங்களாலேயே ஆனவை. அகலத்துக்கு 10, உயரத்துக்கு 20 சதுரம்.

நின்டெண்டோவின் கேம்போய் வேறு சாதி. 1989இல் ஜப்பானில் வந்தது. இடது பக்கம் சிலுவைப் பொத்தான், வலது பக்கம் கருஞ்சிவப்பில் இரண்டு, பின்னால் விளையாட்டுக் கசெற் செருகும் இடம். பச்சை படிந்த திரையில் நாலே நாலு சாயல். நான்கு பென்ரோச் பற்றறி வேண்டும். உங்கள் பிரிக் கேமுக்கு இரண்டு போதும்.

எங்கள் ஊரில் இந்தக் குழப்பம் பரவலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கேம்போய் உலகத்தைப் பிடித்து ஆட்டிய காலத்தில் யாழ் குடாநாட்டில் போரால் மின்சாரம் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான். வானொலியில் செய்தி கேட்பதற்கே சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோ சுற்றினோம். அப்படி இருக்க, நான்கு பற்றறி தின்னும் விளையாட்டுச் சாமானை யார் வைத்திருந்திருப்பார்கள்? 2002இல் யாழ்ப்பாணம் வரும் ஏ9 வீதி திறந்த பிறகு சாமான்கள் வந்து குவிந்தபோது வந்தது பிரிக் கேம்தான். நல்லூர்த் திருவிழாக் கடையில் ஒன்றை வாங்கித் தரச் சொல்லி அழும் வயது எனக்கு இல்லை. தம்பி அழுதான், அவன் படுத்த பிறகு விளையாடியது நான். பெயர் மட்டும் எப்படியோ "கேம்போய்" என்று ஒட்டிக்கொண்டது.

ஆகவே பிரிக் கேமே வாங்குங்கள். இன்னும் புதிதாகச் செய்கிறார்கள், உண்மையான கேம்போயின் விலைக்குக் கிட்டவும் வராது. கடையிலேயே பற்றறி போட்டுப் பாருங்கள். திரையில் ஒரு சதுரமாவது கறுக்காமல் இருந்தால் விட்டுவிடுங்கள். விளையாடும்போது கண் அங்கேயேதான் போகும். சுழற்றும் பொத்தானைப் பத்துத்தரம் அமத்துங்கள். முதலில் செத்துப்போவது அதுதான்.

கேள்வி: எனக்கு உண்மையான கேம்போய்தான் வேண்டும். லண்டனில் சித்தப்பா வீட்டில் விளையாடியது. பாவித்ததை வாங்கும்போது என்ன பார்க்கவேண்டும்? (சுண்டுக்குளி வாசகி)

பதில்: முதலில் பற்றறி மூடியைக் கழற்றுங்கள். படம் அனுப்பும் விற்பனையாளர்கள் இந்த இடத்தை மட்டும் காட்டவே மாட்டார்கள். பற்றறியை உள்ளே விட்டு மறந்து வருடக்கணக்கானால் அது கசிந்து, கம்பிச்சுருளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும். மேலோட்டமாகப் பூத்திருந்தால் பயமில்லை. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியை வினாகிரியில் தொட்டுத் தேய்த்தால் மெல்ல நுரைத்துக்கொண்டு கழரும், பிறகு ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிடுங்கள். சுருளே அரித்துப்போய் முறிந்திருந்தால் அந்தக் காசுக்கு வேறு பாருங்கள்.

அடுத்தது திரை. செங்குத்தாகச் சில கோடுகள் காணாமல் போயிருக்கும். விற்பவர் "திரை போய்விட்டது" என்று விலையைக் குறைத்துச் சொன்னால் சந்தோஷப்படுங்கள். பெரும்பாலும் திரையின் அடியில் உள்ள நாடா வயரின் ஒட்டு விட்டிருக்கும். கை நிதானமான ரேடியோ திருத்துனர் ஒருவர் பற்றவைக்கும் கோலை மெதுவாக ஓட்டினால் கோடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன், ஐந்து நிமிட வேலை. ஆனால் திரை நடுவில் எரிந்ததுபோல் கறுப்புத் திட்டு இருந்தால் அது வெயில் பட்ட பழுது. மேல்படலத்தை உரித்து மாற்றவேண்டும், அது பொறுமைக்காரர் வேலை.

கசெற் இல்லாமல் போட்டுப் பார்த்தால் நிறுவனப் பெயர் வரும் இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம் இறங்கும். அது பழுது அல்ல. அதைக் காட்டி "வேலை செய்யவில்லை" என்று பயப்படுத்தி விலை குறைக்கும் கெட்டிக்காரராக நீங்கள் இருந்தால் அது உங்கள் மனச்சாட்சி.

கேள்வி: இணையத்தில் ஒரு பொக்கெமொன் கசெற் வாங்கினேன். விளையாட்டு ஓடுகிறது, சேமித்தால் மறுநாள் காணவில்லை. ஏமாற்றிவிட்டாரா? (மானிப்பாய் வாசகர்)

பதில்: அவசரப்பட்டுத் திட்டவேண்டாம். அந்தக் காலக் கசெற்றுகளில் நீங்கள் சேமிப்பதைத் தாங்கிப் பிடிப்பது உள்ளே இருக்கும் ஒரு நாணயப் பற்றறி. 20 வருடத்துக்கு மேல் ஆனால் அது சாவது இயற்கை. பொக்கெமொன் கோல்ட், சில்வர் இரண்டிலும் மணிக்கூடு வேறு ஓடுவதால் இன்னும் சீக்கிரம் போகும். அவற்றில் இருப்பது சீஆர்2025. மாற்றலாம். ஆனால் சாதாரணப் பற்றறியில் நேரடியாக ஈயம் பற்றவைக்கக்கூடாது, வெடிக்கக்கூடும். தகடு ஒட்டி வரும் பற்றறி என்று கேட்டு வாங்குங்கள்.

திறக்கும்போதே போலியா என்றும் தெரிந்துவிடும். பலகையின் நடுவே கறுப்பாக ஒரு துளி பசை உறைந்திருந்தால் போலி. உண்மையானதில் ஒட்டியிருக்கும் படத்தின் மேல் மெல்லிதாக ஓர் எண் அமுக்கியிருக்கும், வெளிச்சத்தில் சரித்தால் தெரியும். போலி என்று தெரிந்தால் தாராளமாகத் திட்டலாம்.

கேள்வி: நகரத்தில் ஒரு கடையில் "400 விளையாட்டு" கையடக்கக் கருவி வாங்கினேன். இரண்டு கிழமையில் சார்ஜ் ஏறவில்லை. "விற்ற சாமான் திரும்ப எடுக்கப்படமாட்டாது" என்று சிட்டையிலேயே அடித்திருக்கிறது என்கிறார்கள். (நாவற்குழி வாசகர்)

பதில்: பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். அனேகமாகப் பழைய நோக்கியா போனில் இருந்த பிஎல்-5சி வகைப் பற்றறிதான் இருக்கும். தெரிந்தவரிடம் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். ஏறினால் பற்றறிதான் பழுது.

ஏறாவிட்டால் சிட்டையோடு கடைக்குப் போங்கள். அந்த அச்சடித்த வரிக்குப் பயந்து வீட்டில் இருக்கவேண்டாம், அது உங்கள் முறைப்பாட்டைத் தடுக்காது. கடை அசையாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும். தொலைபேசி 1977. சிட்டை இல்லாமல் போனால் கதைப்பது கஷ்டம்; அடுத்தமுறை கேட்டு வாங்குங்கள், கேட்டால் தரவேண்டியது கடைக்காரரின் கடமை.

அதில் கேம்போய் விளையாட்டு இருக்கும் என்று நினைத்து வாங்கியிருந்தால் ஒரு தகவல்: அந்த 400உம் பெரும்பாலும் பழைய தொலைக்காட்சி விளையாட்டுகள், அதிலும் ஒன்றே மூன்று பெயரில் வரும்.

கேள்வி: கனடாவில் இருந்து பெரியம்மா வருகிறா. அண்ணையின் பழைய கேம்போய் அட்வான்ஸ் எஸ்பியைக் கொண்டுவரச் சொல்லலாமா? (அரியாலை வாசகர்)

பதில்: சொல்லுங்கள். 2003இல் வந்த மடக்கும் மொடல், நல்ல உருப்படி. லிதியம் பற்றறி உள்ளே இருப்பதால் கைப்பையில் வைக்கச் சொல்லுங்கள். பற்றறி ஊதியிருந்தால் அதை அங்கேயே கழற்றி முறைப்படி கழித்துவிடட்டும், இங்கே புதிது போடலாம். அப்புறம் முக்கியமான ஒன்று: கூட வரும் சார்ஜரின் முதுகை வாசியுங்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் எங்கள் 230 வோல்ட் சுவரில் குத்தவேண்டாம். யூஎஸ்பியில் குத்தும் வயர் இந்த மொடலுக்கென்றே விற்கிறார்கள், அதை வாங்கிக்கொள்ளுங்கள்.