மதத் தலைவர் சொன்னால் பெண்கள் மீதான வன்முறை குறையுமா?

குறையும், ஆனால் வெறும் உபதேசத்தால் அல்ல. இங்கே புரிந்துகொள்ள வேண்டிய சொல் 'சமூக நெறி': "ஊரே இப்படித்தான் செய்கிறது, நாம் விட்டால் ஏசுவார்கள்" என்ற நினைப்பு.

மொய் வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். பலருக்கும் அது சுமைதான். ஆனாலும் ஒரு வீடு மட்டும் நிறுத்தினால் பேச்சு கேட்க வேண்டும். எல்லாரும் சேர்ந்து நிறுத்தினால் யாருக்கும் வலிக்காது.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் பெண்ணுறுப்புச் சிதைப்பு, அதாவது சிறுமிகளின் பிறப்புறுப்பின் வெளிப்பகுதியை வெட்டும் வன்முறை, இப்படித்தான் நீடித்தது. 1997-இல் மாலிகூண்டா பம்பாரா என்ற ஊரின் பெண்கள் இதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள். பாராட்டை விட வசவுதான் அதிகம் வந்தது. அப்போது பக்கத்து ஊர் இமாம் தெம்பா ஜவாரா ஒரு விஷயத்தைக் கவனித்தார்: பெண் கொடுப்பதும் எடுப்பதும் பல ஊர்களுக்கு இடையில். ஓர் ஊர் மட்டும் விட்டால் அந்த ஊர்ப் பெண்களை யார் கட்டுவார்கள்? அறுபதைத் தாண்டிய அந்த மனிதர் உறவுக்கார ஊர்களுக்கு நடந்தே போனார். மேடைப் பேச்சு இல்லை. உட்கார்ந்து பேசினார், கேட்டார். 1998 பிப்ரவரியில் 13 ஊர்கள் இதைக் கைவிடுவதாக ஒன்றாக அறிவித்தன. இதைத் தடை செய்யும் சட்டம் 1999-இல்தான் வந்தது! அவரிடம் இருந்தது அதிகாரம் என்பதைவிட, எல்லா வீட்டுத் திண்ணையிலும் உட்காரும் உரிமை என்பேன்.

அப்புறம், பெண்ணுறுப்புச் சிதைப்பை இஸ்லாமிய வழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இஸ்லாத்துக்கு முன்பே இது இருந்தது. எகிப்தில் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் உண்டு.