பெட்டி கட்டும் நேரத்தில் ஒரு கையெழுத்து

கே: 2020 தேர்தலில் தோற்ற பிறகு டிரம்ப் அவசரகால ஆட்சித் திட்டத்தை மாற்றினாராமே, அது செல்லுமா?

ப: செல்லும். 2021 ஜனவரி 20 நண்பகல் வரை அவர் முழு அதிபராகவே இருந்தார். காபந்து அரசு என்ற ஏற்பாடே அமெரிக்காவில் கிடையாது. 2020 டிசம்பர் 7 அன்று 13961ஆம் எண் நிர்வாக ஆணையில் கையெழுத்திட்டார். ஆபத்து வந்த பிறகு அதிகாரிகளை வேறிடத்துக்கு அள்ளிச் செல்வதையே நம்பியிராமல், அரசின் இன்றியமையாத பணிகளை முன்கூட்டியே பல இடங்களில் பரப்பி வைக்க வேண்டும் என்பதே அதன் சாரம். கொரோனா ஆண்டில் இது நல்ல யோசனைதான்.

கே: பதவியில் ஒட்டிக்கொள்ளும் சூழ்ச்சி என்கிறார்களே?

ப: ஆணையில் அப்படி ஒரு வரியும் இல்லை. துணை அதிபருக்குப் பின் பிரதிநிதிகள் சபை சபாநாயகர், செனட்டின் தற்காலிகத் தலைவர், பிறகு அமைச்சர்கள் என்ற வாரிசு வரிசை 1947ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. நிர்வாக ஆணையால் அதைத் தொட முடியாது. ஆனால் நெருக்கடிக்கென எழுதித் தயாராக வைத்திருக்கும் அதிபர் ஆணைகள் ரகசியமானவை. சந்தேகப்பட வேண்டுமானால் அங்கே படுங்கள்.

கே: முன்பு யாராவது இப்படிச் செய்ததுண்டா?

ப: ரீகன். 1988 நவம்பர் 18, அதாவது தேர்தல் முடிந்த பத்தாம் நாள், 12656ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். நிக்சன் 1969இல் போட்ட ஆணைக்கு மாற்று அது. ஒவ்வொரு துறையும் தலைமை இல்லாமல் போனால் யார் பொறுப்பேற்பது, ஆவணங்களை எங்கே காப்பது என்று விரிவாகச் சொல்கிறது. பின்வந்தவர்கள் திருத்தினார்கள், தூக்கி எறியவில்லை. ஜெயித்தவர் அவருடைய துணை அதிபர் மூத்த புஷ் என்பதால் உறுத்தலும் இல்லை. ஒபாமாவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. நீதி அமைச்சகத்தில் யாருக்குப் பின் யார் பொறுப்பேற்பது என்ற வரிசையை 2017 ஜனவரி 13 அன்று மாற்றினார். பிப்ரவரி 9 அன்று டிரம்ப் அதை ரத்து செய்துவிட்டார்.

கே: அடுத்தவர் ஒரு கையெழுத்தில் ரத்து செய்யலாம் என்றால் கவலை எதற்கு?

ப: காகிதத்தைப் பற்றிக் கவலை இல்லை, அதைப் படித்திராத ஆட்களைப் பற்றித்தான். 2009 ஜனவரி 13 அன்று இளைய புஷ், ஒபாமா குழுக்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து நெருக்கடி ஒத்திகை நடத்தின. அந்த ஒரு நாள் பத்து ஆணைகளுக்குச் சமம் என்பேன். 2020இல் பைடன் குழுவுக்கு ஆட்சி மாற்ற வேலையைத் தொடங்கும் முறையான அனுமதியே நவம்பர் 23 அன்றுதான் கிடைத்தது. இரண்டு வாரத்தில் புதிய ஆணை வேறு!

கே: பதவியேற்பு மேடையே தாக்கப்பட்டால்?

ப: வரிசையில் உள்ள ஒருவரையாவது விழாவுக்கு அனுப்பாமல் தனியே வைப்பார்கள். ஆனால் அன்று புதிய அமைச்சர்களில் பலருக்குச் செனட்டின் ஒப்புதலே வந்திருக்காது. 2009இல் புஷ் அமைச்சரவையிலிருந்து ஒபாமா தக்கவைத்துக்கொண்ட பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் கைகொடுத்தார். 2017இல் டிரம்ப் பதவியேற்றபோது அப்படி ஒதுக்கி வைக்கப்பட்டவர்களில் ஒருவர், ஒபாமாவின் உள்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சர் ஜே ஜான்சன்.